வரிச் சலுகை கேட்கப் போன இடத்தில்

போன மாரியில் ஒஸ்லோவில் ஒரு வரி அலுவலகத்தில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவினேன். இன்று சொந்தமாகத் துப்புரவு நிறுவனம் நடத்துகிறேன்; புருசெத்தில் ஒரு வீடு, லில்லெஸ்ட்ரோமில் இன்னொன்று. படித்தவர்களே வரி விஷயமென்றால் என்னிடம்தான் வருவார்கள். சும்மா சொல்லவில்லை, யாரையும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி இருக்கிறார். இலங்கையில் போர் முடிந்தபோது பிடிபட்டு, வருடக்கணக்கில் சிறையில் கிடந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். முதுகு வலியால் ஒழுங்காக வேலைக்குப் போக முடியாது. பழைய வரிப் பாக்கிக்காகச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாடகைக்கே திண்டாட்டம். உலகப் போரில் ஜெர்மன்காரன் இந்த நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் சிறையிருந்த நோர்வேக்காரரின் பென்ஷனுக்கு வரி இல்லை என்று நான் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். ஒரு பிறந்தநாள் விழாவில், எல்லோர் முன்னாலும், "கைதி எண்டால் எல்லாரும் கைதிதானே? அந்தச் சலுகையை நான் எடுத்துத் தாறன்" என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணை, மொழிபெயர்ப்பாளரை வரி அலுவலகத்திலையே போனிலை ஒழுங்கு செய்வினமாம்" என்றார் தம்பி.

"விசர்க் கதை கதையாதை. போனிலை அழுதால் ஆருக்குத் தெரியும்? நேரிலை போக வேணும். நீ வாயைத் திறவாதை, நான் கதைக்கிறன்."

எங்கள் ஊர் அரசாங்கக் கந்தோர்களில் அப்படித்தான். வாயுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், கஷ்டத்தைக் கண்ணால் காட்டினால்தான் காரியம் நடக்கும்.

அலுவலகத்தில் இருந்த இளம்பெண் பொறுமையாகக் கேட்டாள். அந்தச் சட்டம் இந்த நாட்டுக்காகச் சிறைப்பட்டவர்களுக்கு மட்டும் என்றாள். ஆனால் நோயால் உழைக்க முடியாதவர் வரியைக் குறைக்கும்படி விண்ணப்பிக்கலாம். டாக்டரின் கடிதம் போதும் என்றும் சொன்னாள். அத்தோடு எழும்பியிருக்கலாம். சபையில் சொன்ன சொல் பொய்த்துப் போகிறதே என்ற ரோசம் எனக்கு.

தம்பியின் பக்கம் திரும்பினேன். "சேட்டைக் கழட்டிச் சிறையிலை பட்ட காயங்களைக் காட்டு. கண்டால்தான் மனம் இளகும்."

"வேண்டாமண்ணை."

"ஆம்பிளைக்கு என்ன வெக்கம்? கழட்டடா எண்டுறன்!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். தம்பி எழுந்தார். சேட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு நின்றார்.

அப்படி நிற்கும்படி நான் சொல்லவில்லை.

அந்தப் பெண் மேசையைச் சுற்றி ஓடிவந்தாள். வரிசைக்கும் தம்பிக்கும் நடுவில் மறைத்து நின்று, தன் கம்பளிச் சட்டையை அவர் தோளில் போர்த்தினாள். "தேவையில்லை, தேவையில்லை" என்று மெல்லிய குரலில் நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவர் கைகளை இறக்க நேரம் எடுத்தது. என்னை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் ரயிலில் தம்பிதான் பேசினார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. ஆரும் சத்தமாச் சொன்னால் உடம்பு தானாச் செய்துபோடுது. உங்களுக்கும் மரியாதை கெட்டுப் போச்சு."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரின் கடிதத்தோடு, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து, அவரே பிறகு விண்ணப்பித்தார். வரியைக் குறைத்துவிட்டார்கள் என்று என் மனைவி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். வழியில் கண்டால் இப்போதும் "அண்ணை" என்று சிரிக்கிறார். நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன். எத்தனையோ பேருக்கு உதவியவன் என்று மார்தட்டுகிற நான், ஒரு மனிதனை அவன் தப்பி வந்த சிறைக்கே ஒரு நொடியில் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தினேன் என்பதை எந்த விழாவில், யாரிடம் சொல்வேன்?