இருபது மில்லிமீட்டர்

அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தது யார் என்பதில் பட்டறையில் இரண்டு கட்சி உண்டு. தான்தான் வைத்தேன் என்பார் தச்சு மேஸ்திரி. அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்றே, நாற்காலியின் எந்தக் கால் குட்டை என்று குனிந்து பார்த்த ஆளைக் கண்டு தன் மனதில் உதித்த பெயர் அது என்பான் அறுப்பு மெஷினை ஓட்டுகிற மச்சினன். சுருக்கி 'மில்லி' என்று கூப்பிட்டால் கேட்கிறவர்கள் வேறு கணக்கு போடுவார்கள் என்பதால் எல்லோரும் முழுசாகவே கூப்பிட்டார்கள்.

சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறை அது. அங்கே பத்தொன்பது வருஷமாக டிராயிங் போடுகிறவர் மில்லிமீட்டர். சட்டைப்பையில் பேனா இருக்காது, டேப் இருக்கும். சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் அவருக்கு டீ இறங்காது. அடுத்தவன் வேலையில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கீழே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது என்ன, கண்ணை மூடிக்கிட்டு அறுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாடி ஏறுவார்.

தன் வேலையில் எப்படி என்று கேட்டால், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் ஒரு கோடு போட்டால் அதன் நீளத்தைக் கம்ப்யூட்டரே அளந்து பக்கத்தில் எழுதிவிடும். ஆனால் அந்த எண்ணை அழித்துவிட்டு நாமாக ஒரு எண்ணைத் தட்டவும் வழி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மில்லிமீட்டர் ஒரு அலமாரி வரைந்தார். அருமையான அலமாரி. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதையே நகல் எடுத்தார். ஐம்பது மில்லிமீட்டர் அகலம் கூட வேண்டும் என்று ஒருவர் கேட்டால், கதவு, தட்டு, இழுப்பறை எல்லாவற்றையும் நகர்த்தி வரைய இருபது நிமிஷம் பிடிக்கும். எண்ணை மட்டும் மாற்றித் தட்ட நாலு விநாடி. பழைய கோட்டுக்கு மேலே புது எண் ஏறிவிடும். கீழே தச்சர்கள் எண்ணைப் பார்த்துத்தானே அறுக்கிறார்கள், கோட்டை எவன் அளந்து பார்க்கப் போகிறான்? கழுதையை வரைந்து கீழே குதிரை என்று எழுதிக் கொடுத்தார். அவர்களும் பத்தொன்பது வருஷமாகக் குதிரையே செய்து கொடுத்தார்கள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் முதலாளியம்மா புது மெஷின் வாங்கினார். அதோடு டிராயிங் சாப்ட்வேரின் புதுப் பதிப்பும் வந்தது. இனிமேல் காகிதம் கிடையாது. மாடியில் வரைந்த படம் ஒயர் வழியாக நேரே கீழே மெஷினுக்குப் போகும், மெஷின் பலகையை அறுக்கும். முதல் வேலை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, புது வீடு ஒன்றுக்குப் பதினாலு அலமாரிகள் என்று நாளும் குறித்தாயிற்று.

சொல்லிக்கொடுக்க இரண்டு நாளைக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். பழசில் இருந்ததெல்லாம் இதிலும் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது என்றார். மனைவி ஊருக்குப் போன நேரத்தில் சமையலறையை அடுக்கிவைத்த கணவனும் இதையேதான் சொல்வான். மில்லிமீட்டரின் இடது கைக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். பார்க்காமலே எழுத்தைத் தட்டும். பழசில் கோட்டை நகர்த்திய எழுத்து புதுசில் படத்தையே கண்ணாடியில் பார்த்தது மாதிரி திருப்பிப் போட்டது. இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்து பழகினார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, எந்தப் பொத்தான் எங்கே குடிபோயிருக்கிறது என்று முகவரி எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை கிளம்பும்போது பயிற்சியாளர் ஒரு யோசனை சொன்னார். நன்றாகத் தெரிந்த பழைய டிராயிங் ஒன்றைத் திறந்து பழகினால் சீக்கிரம் கை வரும் என்றார். மில்லிமீட்டருக்குத் தன் வீட்டுச் சமையலறையைவிடத் தெரிந்தது எது? பதினொரு வருஷத்துக்கு முன் அவரே வரைந்து, மேஸ்திரி செய்து மாட்டியது. அதில் ஒரு குறை உண்டு. கடைசி அலமாரி வாசல் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். கதவு அதில் இடித்து முக்கால்வாசியோடு நின்றுவிடும். பாத்திரத்தோடு வருகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழையவேண்டும். மேஸ்திரியின் கை அன்றைக்கு நிதானத்தில் இல்லை என்று மில்லிமீட்டர் தீர்ப்பு சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவர் மனைவி மேஸ்திரியைப் பஸ் நிறுத்தத்தில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

படம் திறந்தது. நடுவில் ஒரு எண் மட்டும் சிவப்பாக இருந்தது. 450. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 430. நோட்டைப் புரட்டினார். கையால் தட்டிய எண்ணைப் புதுப் பதிப்பு சிவப்பில் காட்டும், நிஜ அளவைக் கீழே எழுதும் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. எழுதும்போது உறைக்கவில்லை.

அவருக்கு ஞாபகம் வந்தது. மூடிகளெல்லாம் ஒரே இழுப்பறையில் அடங்கவேண்டும், கொஞ்சம் பெரிதாக வையுங்கள் என்று மனைவி கேட்டாள். நாலு விநாடியில் பெரிதாக்கிக் கொடுத்தார். மற்றதைக் குறைக்கவில்லை. சுவர் 2400, அதில் நிற்கவேண்டிய அலமாரிகள் 2420.

அடுத்து, வெள்ளிக்கிழமைக்காகப் பழைய பதிப்பிலேயே வரைந்துவைத்திருந்த பதினாலு அலமாரிகளைத் திறந்தார். அம்மை போட்ட குழந்தை மாதிரி உடம்பு முழுக்கச் சிவப்பு. மெஷினுக்குக் குதிரை என்று வாசிக்கத் தெரியாது. அது கோட்டைத்தான் பார்க்கும், கழுதையைத்தான் அறுக்கும். அதுவும் வெளியூரிலிருந்து தருவித்த பலகையில்.

சத்தம் காட்டாமல் திருத்திவிடலாம் என்று வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்தார். பழசில் இருபது நிமிஷ வேலை புதுசில் முக்கால் மணி நேரம் இழுத்தது. மத்தியானம் மச்சினன் மாடிக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, டிராயிங்குக்கு அம்மையா?"

"புது வெர்ஷன்ல அப்படித்தான் வரும். நீ போய் உன் மெஷினைத் துடை."

போகிற போக்கில் அவன் திரும்பிப் பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது ஒன்பது அலமாரி தேறியிருந்தது. வெள்ளி காலை முதல் ஆளாக வந்து பத்தாவதை எடுத்தார். பாதி முடித்தபோது, பழக்க தோஷத்தில் இடது கை ஒரு எழுத்தைத் தட்ட, அலமாரி கவிழ்ந்து நின்றது. அதை நிமிர்த்துவதற்குள் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். மணி பத்து.

மெஷின் மேடையில் பலகை ஏற்றியிருந்தது. முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேஸ்திரி, வேலை போகிறதா இருக்கிறதா என்று தெரியாத மனுஷனின் முகத்தோடு ஓரமாக நின்றார். மச்சினன் விரல் பொத்தானுக்கு மேலே இருந்தது. இப்போது பேசாமல் இருந்தால் அலமாரி கோணிப்போவதற்கு மெஷின்மேல் பழி போடலாம், சாப்ட்வேர்மேல் போடலாம். போட்டால் எல்லோரும் நம்பவும் செய்வார்கள். மில்லிமீட்டர் ஒரு கணம் அதையும் அளந்து பார்த்தார். மேஸ்திரியின்மேல் போட்டபோதும் இப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள் என்று தோன்றியது.

"அழுத்தாத மச்சான்" என்றார். "மேடம், ஒம்பதுதான் சரியா இருக்கு. மீதி அஞ்சுல நம்பர் ஒண்ணு, கோடு ஒண்ணு. நான்தான் நம்பரை மட்டும் மாத்தித் தட்டியிருக்கேன்."

"அஞ்சுலதானா?"

"எல்லாத்துலயும்தான். ஒம்பதை நேத்து திருத்துனேன்."

"அதைக் கேக்கல. இத்தனை வருஷமா எத்தனை?"

"எண்ணல மேடம்."

முதலாளியம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, அளவு தப்பாக வந்தது அவருக்குத் தெரியாதா என்று கேட்டார்.

மேஸ்திரி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். தாள் கைக்கு வந்ததும் பின்பக்கம் பென்சிலால் எண்களைக் கூட்டிப் பார்ப்பது தன் வழக்கம் என்றார். சில நேரம் கூடுமாம், சில நேரம் குறையுமாம். தானே அங்கே இங்கே தட்டிச் சரிக்கட்டிவிடுவாராம். மாடிக்கு வந்து சொன்னால் சாருக்கு மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டாராம்.

மில்லிமீட்டருக்குக் காது சுட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்போ என் வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்கு மட்டும் கூட்டல சார்" என்றார் மேஸ்திரி. "சொந்த வீடாச்சே, சரியாத்தான் போட்டிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

மச்சினன் மெஷினுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தான். தேடுகிறவனின் தோள் அப்படிக் குலுங்காது.

முடிவு சுருக்கமாக வந்தது. ஒன்பது இன்றைக்கு, ஐந்து திங்கட்கிழமை. புது வீட்டுக்காரரிடம் முதலாளியம்மாவே பேசிக்கொள்வார். பழைய டிராயிங் அத்தனையையும் மில்லிமீட்டர் ஒன்றுவிடாமல் திறந்து சிவப்பை எடுக்கவேண்டும். எந்தப் படமும் மேஸ்திரி பென்சிலால் கூட்டிக் கையெழுத்துப் போடாமல் மெஷினுக்குப் போகக்கூடாது. மேஸ்திரியின் முகம் தெளிந்தது. வேலை இருக்கிறது.

அதைவிடக் கஷ்டமான வாக்குமூலம் வீட்டில் பாக்கி இருந்தது. மச்சினன் முந்திக்கொள்வான் என்ற பயத்தில் மில்லிமீட்டர் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார். மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷமா அந்த மனுஷனைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறேன். ஒரு தடவ மழைல நின்னாரு, உள்ள வாங்கன்னு கூப்பிடல. நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

நின்றதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார், அவள் போய்க் கூப்பிட்டதால். முதலில் நாற்காலி, பிறகு டீ, அதற்குப் பிறகுதான் வேலை. கடைசி அலமாரியைக் கழற்றும்போது மில்லிமீட்டர் சட்டைப்பையிலிருந்து டேப்பை உருவினார். மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்தாள்.

"நீங்க அளங்கண்ணா. இவர் பலகையப் பிடிச்சுக்குவாரு."

இருபது மில்லிமீட்டர் போயிற்று. பதினொரு வருஷத்தில் முதல்முறையாகக் கதவு முழுசாகத் திறந்து, பின்சுவரில் டங்கென்று மோதி, சுண்ணாம்பை ஒரு சில்லு பெயர்த்தது. அங்கே ஒரு கட்டை அடிக்கவேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று சொல்ல மில்லிமீட்டர் வாயைத் திறந்தார். மனைவி பார்த்தாள். மூடிக்கொண்டார்.