பண்டா அய்யாவின் வலது கை

பண்டா அய்யா போய்விட்டார்... நேற்றுக் காலையில் வெலிமடையிலிருந்து அவர் மகள் போன் பண்ணி, "சுனில் மாமா, அப்பா போயிட்டாரு" என்று அழுதாள்.

என் பெயர் செல்வராஜ். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த தமிழன். எனக்குச் சுனில் என்று சிங்களப் பெயர் வைத்தவர் அவர்தான்.

இலங்கை ஆர்மியில் நானும் அவரும் ஒரே செக்ஷன். வடக்கில் நடந்த சண்டையில் தமிழ்ப் போராளிகளிடம் ஒன்றாகப் பிடிபட்டோம். கையைக் கட்டி டிரக்கில் ஏற்றும்போதே காதுக்குள் சொன்னார். "தமிழன் ஆர்மியில இருக்கான்னு தெரிஞ்சா உன்னைத்தான் முதல்ல சுடுவானுங்க. இனிமே நீ சுனில். ஒரு தமிழ் வார்த்தை வரக்கூடாது, மல்லி."

மல்லி என்றால் தம்பி. அண்ணனுக்குச் சிங்களத்தில் அய்யா.

காட்டுக்குள் கேம்ப். அடியும் பட்டினியும் தினசரி... நான் வாயைக் கட்டிப்போட்டேன். கையை மறந்துவிட்டேன்.

ஒரு நாள் கஞ்சிக்குத் தகரைக் கீரை பறிக்கச் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு கொழுந்து பறித்த கை, சனியன், தானாக ஓடியது. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசினேன்... முதுகில் கூடை இருக்கிற நினைப்பில்! கீரை மண்ணில் விழுந்தது.

துப்பாக்கியோடு காவலுக்கு நின்றவன் பார்த்துவிட்டான்.

"எங்கம்மா லுணுகலைத் தோட்டத்துல பொறந்தவங்க. இப்படித்தான் பறிப்பாங்க. டேய், நீ தோட்டத்துத் தமிழன்தானடா?"

துவக்குப் பிடியால் ஒரே இடி. தாடை உடைந்தது. பல்லும் ரத்தமுமாகத் துப்பினேன்.

அடுத்த அடி தலைக்கு ஓங்கியபோது, பண்டா அய்யா ஒரு பிடி கீரையைக் கிள்ளித் தோளுக்கு மேலே வீசினார். அரைகுறைத் தமிழில், "நாங்க சிங்கள ஆளும் தேயிலை பறிக்கிறது. இப்படித்தான். இவன் சுனில்" என்றார்.

காவல்காரன் அவர் வலது கையைக் கல்லின்மேல் வைத்து மிதித்துக்கொண்டான்.

"இவன் யாரு?"

"சுனில்."

துவக்குப் பிடி இறங்கியது. ஒரு விரல் நொறுங்கியது.

"யாரு?"

"சுனில்."

கடைசி விரலுக்கும் அதே பதில்தான். நம்பிவிட்டுப் போனான். இன்றைக்கும் யாராவது விறகு ஒடித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அதன் பிறகு அவருக்கு நான் கை, எனக்கு அவர் வாய். மரவள்ளிக்கிழங்கை நான் ஊட்டுவேன். அவர் மென்று எனக்குத் திருப்பிக் கொடுப்பார். "அருவருப்புப் பார்க்காம முழுங்குடா, எருமை!"

முழுங்கினேன். எங்களை விடுவித்தபோது உயிரோடு வந்தேன்.

ஊருக்கு வந்து அந்தக் கையோடுதான் உருளைக்கிழங்குப் பயிர் போட்டார். யார் கேட்டாலும், "டிராக்டர்ல மாட்டிருச்சு" என்பார். வீட்டிலும் அதே கதைதான், மனுஷன்!

இன்று பெட்டியில் இரண்டு கைக்கும் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். வலது கையுறையைக் கழற்றச் சொன்னேன்.

மகள் தயங்கினாள். "அசிங்கமா இருக்கும் மாமா..."

எனக்கு வந்ததே கோபம்! "அசிங்கமா? யாரு சொன்னா? அது டிராக்டர் இல்லம்மா..." என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

கையுறையை அவளே கழற்றினாள். அந்தக் கோணல் விரல்களை எடுத்து என் கையில் வைத்தாள்.

போயிட்டு வாங்க, அய்யா...

சுனில்