ஜீவராணி கழற்றிய ஆணி

தெமோதரைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில், கோயில் வாசலில், பின்னால் பெட்டி கட்டிய லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டரை நிறுத்திவிட்டு ஜீவராணி இறங்கினாள். கும்பிட வந்த சனமெல்லாம் சாமியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது.

"பொம்பள ஓட்டுற வண்டியிலயா அம்மன் ஆத்துக்குப் போறது?" என்றார் கோயில் தலைவர் தயாபரன், கடைசி லயத்து வீடு வரைக்கும் கேட்கிற குரலில்.

"ஏன் தலைவரே, அம்மன் என்ன ஆம்பளையா?"

தப்படிக்கிறவர்கள் குனிந்துகொண்டு தப்பின் தோலை நெருப்பில் சூடு காட்டினார்கள். சிரிப்பை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒக்காருவியே, அது குத்தமில்லையா?"

"திரும்பி ஒக்காந்து ஓட்டுனா ஆத்துக்குப் போக மாட்டோம். நேரா கெடங்குப் பள்ளத்துக்குத்தான்."

குத்தம். அந்தச் சொல் ஜீவராணிக்குப் புதிதல்ல. நான்கு வருடங்களுக்கு முன், இதே இரட்டைச் சக்கர வண்டியில் இதே பெட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அவள் புருஷன் அழகர் பாறை முடக்கு என்கிற வளைவில் இறங்கினார். மேலே கிழங்கு மூட்டை. பின்பலகையில் வேலை முடிந்து வந்த சனம். முடக்கில் பெட்டி கழன்று அவர் மேலேயே உருண்டது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது இடது கால் முழங்காலோடு நின்றுபோயிருந்தது. அன்று முடக்கில் நிறுத்தி, வழக்கப்படி பாறையடியில் அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தாமல் போனாராம். அதனால் சாமிக் குத்தமாம். முதலில் சொன்னவர் தயாபரன். பிறகு தோட்டமே சொன்னது. பாவம் அழகர், இரவெல்லாம் யோசித்து யோசித்து அவரே அதை நம்பிவிட்டார். நான்கு வருடமாகக் கோயில் படியை மிதிக்கவில்லை. இன்றைக்குத்தான், ஊன்றுகோலோடு, செருப்பு விடும் இடத்தில் ஒதுங்கி நின்றார்.

வண்டி ஓட்டத் தெரிந்த மற்ற ஆண்கள் கொழும்பில். ஆற்றுக்குப் போகும் பாதையில் லொறி நுழையாது. தயாபரனுக்கு வேறு வழியில்லை.

ஆனால் வழக்கத்தை அவர் விடுவாரா? திருவிழாவுக்குக் கூடுதலாகக் கொடுத்தவர்கள் அம்மனுக்குப் பின்னால், பெட்டியின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு ஆற்றுவரை போவார்கள். அதுதான் பெரிய மரியாதை. அம்மனை இன்னும் உள்ளேயிருந்து தூக்கவில்லை. அதற்குள் தயாபரனும் நான்கு பேரும் மடிப்புக் கலையாத வேட்டியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"எறங்குங்க தலைவரே. பின்னால பாரம் ஆகாது."

"எங்க பாட்டன் காலத்துலருந்து ஒக்காந்து போறோம். நீ யாரு சொல்றதுக்கு?"

"பாட்டன் காலத்துல ஆளுங்க தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. யாரும் பலகையில தொங்கல."

"ஒம் புருசனுக்கு வந்த குத்தம் ஒனக்கும் வரணுமா?"

ஜீவராணியின் கண் ஒரு நொடி அழகரைத் தேடியது. அவர் தலை இன்னும் தாழ்ந்தது. அவ்வளவுதான். அவள் வண்டியின் முன் தாங்குகாலை இறக்கி ஊன்றினாள். சுத்தியலை எடுத்தாள். வண்டியையும் பெட்டியையும் சேர்க்கிற ஆணியின் பூட்டு ஊசியைக் கழற்றி, ஆணியைக் கீழிருந்து இரண்டு தட்டுத் தட்டி உருவினாள்.

பெட்டியின் முன்கம்பி வானத்தைப் பார்த்து எகிறியது. பின்பலகை தரையில் குத்தியது. ஐந்து பெரிய மனிதர்களும் சறுக்கி, பூக்கூடை மேல் ஒருவர் மடியில் ஒருவராக விழுந்தார்கள்.

தப்புக்காரர்கள் தப்பை இறக்கி வைத்தார்கள்.

"பாத்துக்கங்க," என்றாள் ஜீவராணி. உருவிய ஆணியைத் தூக்கிக் காட்டினாள். "சமநெலத்துல இப்படி. எறக்கத்துல எப்படி இருக்கும்? அன்னைக்கும் பின்னால ஆளு தொத்திக்கிட்டு வந்துச்சு. கம்பி எகிறி ஆணி தெறிச்சிச்சு. புடிச்சு நிறுத்தச் சங்கிலி இல்ல. என் வீட்டுக்காரரு காலை எடுத்தது அம்மன் இல்ல. இனிமே எவனாச்சும் குத்தம்னு சொன்னா, இந்த ஆணிய நான் திருப்பி மாட்ட மாட்டேன்."

தயாபரன் மீசையிலிருந்த செவ்வந்தி இதழைத் தட்டிவிட்டார்.

ஒதுங்கி நின்ற அழகர் மெல்ல நிமிர்ந்தார். ஊன்றுகோலைத் தட்டித் தட்டிக் கூட்டத்தைப் பிளந்து வந்தார். அவரும் ஜீவராணியும் ஆளுக்கொரு பக்கம் அழுத்திக் கம்பியைத் தாழ்த்தினார்கள். ஆணியை அவரே போட்டு, அதன் துளையில் பூட்டு ஊசியைச் செருகி மடக்கினார். அவள் வாங்கி வைத்திருந்த சங்கிலியை வண்டியில் கொளுவி இழுத்துப் பார்த்தார். "அம்மனை முன்னுக்கு வைங்க, சக்கரத்துக்கு முன்னால," என்றார். நான்கு வருடத்துக்குப் பிறகு கோயிலில் கேட்ட அவர் குரல்.

அம்மனை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் வண்டி இறங்கியது. மரியாதைக்காரர்களும், ஊன்றுகோலோடு அழகரும் பின்னால் சேற்றில் நடந்தார்கள். பாறை முடக்கில் பாதை இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது இடது கிளச்சைப் பிடித்தால், சமநிலத்துக்கு நேர்மாறாக, வண்டி வலப்பக்கம், கிடங்குக்கு ஓடும். ஜீவராணி வலது கிளச்சைப் பிடித்தாள். வண்டி இடப்பக்கம் பணிந்து திரும்பியது. கற்பூரத்துக்கு அவள் நிறுத்தவில்லை. பாறையைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணீர் மட்டும் கழுத்துவரை ஓடியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

ஆற்றில் பூசை முடிந்தது. மேலே ஏற வேண்டும். தயாபரனுக்கு மூச்சு வாங்கியது.

"ஏத்தத்துலயாவது ஏறிக்கிறோமே, ஜீவா."

"ஏத்தத்துலதான் இன்னும் மோசம்," என்று சொல்லிச் சங்கிலியை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். "நடங்க தலைவரே. என் வீட்டுக்காரரு ஒத்தக் காலோட நடக்குறாரு."