மூலை மடித்த அட்டை

எமர்ஜென்சி முடிந்த பிறகு வந்த முதல் புத்தாண்டில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஹைதராபாத்தில், மௌலா அலி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் டூல் ஸ்டோரில் வேலை பார்த்தேன். பள்ளிப் படிப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். ஸ்டோரில் இருக்கும் பெட்டிகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டுவது நான்தான். யாரோ இதைச் சொல்லிவிட, எங்கள் தமிழ்ச் சபைப் போதகர் வாக்குத்தத்த அட்டைகள் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும், வசனம் எழுதிய சின்ன அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்போம். வெளியே போகும்போது ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். கையில் வருகிற வசனம்தான் அந்த வருடத்துக்குக் கடவுள் அவர்களுக்குக் கொடுக்கும் வாக்கு. அதை வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வருடம் முழுவதும் ஜெபிப்பார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. என் மனைவிக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்துவிட்டது. இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில். அந்த வருடம் அவள் எடுத்த அட்டையில் சந்தோஷத்தைப் பற்றிய வசனம் வந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சாயந்திர ஜெபத்தில் அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். நான் வாசிப்பேன், அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டிசம்பரில் நான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது, “இந்த வருசம் நான் எடுக்கல. எனக்குன்னு அதுல என்ன எழுதியிருக்கப் போவுது” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

போதகர் கொடுத்த பட்டியலில் பிள்ளைப்பேற்றைப் பற்றி ஒரு வசனம் இருந்தது. அதை எழுதி, அட்டையின் ஒரு மூலையை லேசாக மடித்து வைத்தேன்.

புத்தாண்டன்று என்ன சொல்லியோ அவளைச் சபைக்குக் கூட்டிப் போய்விட்டேன். வாசலில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலை. மடித்த அட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்து, அதன்மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக எடுத்துப் போனார்கள். அவள் வந்ததும் விரலை எடுத்துவிட்டுத் தட்டை அவள் பக்கம் திருப்பினேன். அவள் கை நீண்டது. எனக்கு அதற்குமேல் பார்க்கத் துணிவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்து நின்ற பெரியவர், ரயில்வேயில் ரிட்டயர் ஆன செகந்திராபாத்காரர், தன் அட்டையைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “சஷ்மா வீட்ல விட்டுட்டேன் தம்பி, கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தட்டில் மூலை மடித்த அட்டை இல்லை. அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதி வீடு போய்ச் சேரும் வரைகூட இருக்கவில்லை. செய்தது ஏமாற்று வேலை என்று உறுத்த ஆரம்பித்தது. என்ன வசனம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. அவளும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு சாயந்திரம், ஜெபத்தில் நான் பாடத் தொடங்கியபோது அவளும் மெதுவாகக் கூடப் பாடினாள். கடவுள் சொன்னதாக நினைத்துப் பாடுகிறாள். சொன்னதோ ஸ்டோரில் பெட்டிக்குப் பெயர் எழுதுகிறவன். பிப்ரவரி, மார்ச் என்று ஒவ்வொரு மாதமும் அவள் முகத்தைப் பார்ப்பேன். மழைக்காலத்தில் மஞ்சள் நூல் வாங்கி வந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். ஷிப்ட் முடிந்து வந்து அதைக் கண்டால் சோறு இறங்காது. என்னால் ஜெபிக்கவும் முடியவில்லை. கடவுளின் கையெழுத்தைத் திருடிப் போட்ட நான், அந்த வாக்கை நிறைவேற்றும் என்று எந்த வாயால் அவரிடம் கேட்பேன்?

நவம்பரில் அந்த ஸ்வெட்டரைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்குக்காரம்மாவின் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். நம்பிக்கை விட்டுப்போய்விட்டது, அதனால்தான் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்று முழுவதும் எனக்குக் கை ஓடவில்லை.

டிசம்பரில் போதகர் மறுபடியும் அட்டைகளைக் கொடுத்தனுப்பினார். கிறிஸ்துமஸுக்காக அவள் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நின்றபடி, இனி என்னால் எழுத முடியாது என்றேன்.

“ஏன், கை வலிக்கோ?”

இல்லை என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டாள். முறுக்கு கழன்று மிதந்தது.

“அந்த அட்டைய நான் எடுக்கல” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“அத்தன பேரு எடுக்குதவரைக்கும் பெருவிரல எடுக்காம நின்னிய. என்னயக் கண்டதும் எடுத்திய. அதுக்குப் பொறவு கண்ண வேற மூடிக்கிட்டிய. ஜெபத்துலகூட அப்படி இறுக்கி மூட மாட்டிய. பார்த்தா மூல மடிஞ்சிருக்கு. அத விட்டுட்டு வேற ஒண்ண எடுத்தேன்.”

மடித்ததை எடுத்தவர் அந்தப் பெரியவர்தான். கண்ணாடி இல்லாததால் வெளியே மரத்தடியில் இவளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளை பிறக்கும் என்ற வசனத்தை இவள் வாயாலேயே அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கிறது.

“அவிய சிரியா சிரிச்சாவ. ‘நக்கோம்மா, எனக்கு வேணாம், அறுபத்தஞ்சு வயசுல நான் தொட்டில் கட்டினா காலனியே சிரிக்கும்’னாவ. பொறவு என் முகத்தப் பார்த்துட்டு சிரிப்ப நிறுத்திட்டாவ. ‘இது உனக்கு வர வேண்டியதும்மா, மாத்திக்கலாம், வச்சுக்கோ’ன்னு நீட்டினாவ.”

“வாங்கலையா?”

“வாங்கத்தான் கை போச்சு” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புச் சூடாகவும் இருக்கலாம். “ஆனா அது நீங்க குடுத்தது. நீங்க பாவம், நீங்க என்ன செய்வீய? அத வச்சு ராத்திரியும் பகலும் கேட்டுட்டு, கடைசியில கடவுள ஏசவா?”

உன் அட்டையில் என்ன வந்தது என்று, ஒரு வருடம் கழித்து அப்போதுதான் கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்து காட்டினாள். எண்ணெய்க் கை பட்டு ஓரம் மங்கியிருந்தது. கூடவே இருப்பேன் என்ற வசனம். நானே எழுதியது. எழுதியபோது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை; இடம் நிரப்பப் போட்ட வசனம் போலத்தான் இருந்தது.

“எனக்குப் பிள்ள தாரேன்னு அவர் சொல்லவே இல்ல. கூட இருப்பேன்னாரு. இருந்தாரான்னு கேட்டா, இருந்தாருன்னுதான் சொல்லணும். சில நாளு தெரியல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குன்னு அந்த ஸ்வெட்டர் பின்னுன நாளெல்லாம் இருந்தாரு.” பிறகு, “எண்ணெ காயுது, நீங்க அட்டைய எழுதுங்க. மூலைய மட்டும் மடிக்காதிய” என்றாள்.

அந்த வருடமும் எழுதினேன். இப்போதும் எழுதுகிறேன். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவளுக்கும் எனக்கும் தலை நரைத்துவிட்டது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஞாயிறுகளில் இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவோம். அந்த ஏக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

ஆனால் கடவுள் சொல்லாததையெல்லாம் அவர் பெயரில் நானே மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டு, செய்யவில்லையே என்று அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பது அந்த அடுப்படி வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. மனம் விட்டுப்போகிற நாட்களில் இப்போது, அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அது நான் ஆசைப்பட்டதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மறுநாள் காலை எழுந்து என் வேலையைப் பார்க்க முடிகிறது.