நாலே முக்காலுக்கு வைத்த விளக்கு

நான் போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டியவன். வடக்கே பல ஊர் பார்த்தவன். படிப்பு ஆறாவதோடு நின்றது. பேச்சும் குறைவுதான். இப்போது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெள்ளாமைக் காடு, மாடு, வீடு.

மகள் என்ஜினியரிங் முடித்தவள். கோயம்புத்தூரில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சேர இன்னும் நாள் இருந்தது. சும்மா இருக்க மாட்டாமல் வீட்டு பல்புகளையெல்லாம் மாற்றினாள். என் போனில் படம் போட்ட பொத்தான்கள் வைத்துக் கொடுத்தாள். ஒன்றைத் தொட்டால் மோட்டார் ஓடும். இன்னொன்றைத் தொட்டால் வீடே அணையும். மூன்றாவது விளக்குப் படம். பொழுது விழும்போது அது தானாகவே வேலை செய்யும். சாமி அறை, கூடம், வாசல் எல்லாம் எரியும். ஒரு டப்பா மணியடித்துச் சாமி பாட்டுப் பாடும். வேண்டுமென்றால் கையாலும் தொடலாம்.

என் மனைவிக்கு அந்த விளக்கில் தனிப் பெருமை. அவள் அண்ணனிடம் போனில் சொன்னது எனக்கே கேட்டது.

"பொழுது உழுகறது நமக்குத் தெரியாட்டியும் அதுக்குத் தெரியுமுங்கண்ணா. ஒரு நா தப்புனதில்லீங்க."

அந்த அண்ணன் எனக்கு மச்சான். ஆட்டையாம்பட்டிக்காரர். அவர் மகனுக்கு எங்கள் மகளைக் கேட்பது முறை. பல வருடமாகக் கேட்டும் வந்தார். என் மனைவிக்கும் சம்மதம். மகள் மட்டும் என்னிடம் வந்து, "வேண்டாம்ப்பா" என்றாள். நான் தலையாட்டினேன். அதை மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மச்சானும் அவர் சம்சாரமும் வந்து இறங்கினார்கள். கையில் தாம்பாளம். அதில் உப்பும் சர்க்கரையும். எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டால் கல்யாணப் பேச்சு முடிந்தது. பின்வாங்க முடியாது.

"கேலண்டர்ல நாலே முக்காலுக்கு நல்ல நேரம் மாப்ள. அண்ணன் தங்கச்சிக்குள்ள எதுக்கு ஊரக் கூட்டோணும்? இன்னைக்கே மாத்திக்கலாம்" என்றார் மச்சான்.

மனைவி தட்டைக் கழுவ ஓடினாள். மகள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

வெளியே மழை மூட்டம். கூடம் மங்கலாக இருந்தது. மனைவி உப்புச் சாடிக்குள் கையை விட்டாள். நான் துண்டுக்கு அடியில் போனை வைத்து விளக்குப் படத்தைத் தொட்டேன்.

வீடு முழுக்க எரிந்தது. மணி அடித்தது. பாட்டுக் கிளம்பியது. மச்சான் சம்சாரம் எழுந்து நின்று கும்பிட்டார். மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மனைவியும் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகுதான் கையில் உப்பு இருப்பதைப் பார்த்தாள்.

விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டு உப்பு வெளியே போகாது. யார் கேட்டாலும் கிடையாது. மச்சான் வீட்டிலும் அப்படித்தான்.

"ஏம்புள்ள, அதுக்குள்ள வெளக்கு வெச்சாச்சா?"

"மூட்டமா இருக்குதுங்களே அண்ணா."

"தப்பா எரிஞ்சிருக்குமோ?"

"அது தப்பாதுங்கண்ணா" என்றாள் வெடுக்கென்று.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாப்ள, நீங்க என்ன சொல்றீங்க?"

"மூட்டம்" என்றேன்.

காப்பி குடித்தார்கள். காலையில் வருகிறோம் என்று தாம்பாளத்தோடு கிளம்பினார்கள். அவர்கள் வண்டி தெருவைத் தாண்டியதும் மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. மனைவி வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"எதுக்கு?"

"புள்ளைக்கு வேண்டாமாம்."

"அத வாயத் தொறந்து சொன்னா என்னங்க?"

"உங்கண்ணன்கிட்டயா?"

அவள் மகளிடம் போனாள். "நெசமா கண்ணு?" மகள் ஆமாம் என்று அழுதாள். மனைவி கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் விளக்கை அணைக்கும் பொத்தானைத் தொட்டேன். என்ன செய்வாள் என்று எனக்கும் பிடிபடவில்லை.

அப்போது உண்மையாகவே பொழுது விழுந்தது. விளக்கு மறுபடி தானாக எரிந்து மணியடித்தது. அவள் பழக்கத்தில் எழுந்து கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமல் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, வெளக்கு ரெண்டு தடவ எரிஞ்சுதுங்கண்ணா. உப்பெடுக்கையில ஒருக்கா, நீங்க போனப்பறம் ஒருக்கா. எனக்கென்னமோ சாமி வேண்டாங்குதுன்னு படுதுங்க."

மச்சான் பூனை குறுக்கே போனால் வண்டியைத் திருப்புகிறவர். அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"அப்ப உட்ருவோம் புள்ள. ஆனா அந்த வெளக்கு எங்கூட்டுக்கும் ஒன்னு வேணும். புள்ளய வந்து மாட்டிக் குடுக்கச் சொல்லு."

வேலைக்குப் போகும் முன் மகள் ஆட்டையாம்பட்டி போய் மாட்டிக் கொடுத்தாள். நானும் கூடப் போனேன். மச்சான் மகன்தான் ஏணி பிடித்தான். வேலை முடிந்து, கையால் தொடும் பொத்தானை மகள் காட்டியதும் என் பக்கமாக நகர்ந்து வந்தான்.

"அன்னைக்குத் தொட்டது நீங்கதானுங்களா மாமா?"

"ஆமா."

"நல்லா இருப்பீங்க" என்று மெதுவாகச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.