அடுப்புக்கு மேலே மூன்று மருந்து

எங்கள் வீட்டுக்காரர் வேப்பனப்பள்ளிப் பக்கம் கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கிறவர். மருந்து என்றால் அவருக்குக் கறுப்பு வெடித்தூள். மாந்தோப்பு பார்க்கும் கொழுந்தனுக்குப் பூச்சிக்கு அடிக்கும் டி.டி.டி. எனக்குத் திப்பிலிப் பொடி. மழையில் நமுத்துவிடும் என்று மூன்றையும் அடுப்புக்கு மேலே ஒரே உறியில் வைத்திருந்தோம்.

போன ஐப்பசியில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கஷாயம் வைக்க வந்த கொழுந்தன் மனைவி, உறியிலிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். துளி தூள் நெருப்பில் சிந்தியதும் குப்பென்று தீ எழும்பியது. "ஐயோ அக்கா!" என்று அலறிப் பொட்டலத்தை வாசலில் வீசினாள். நல்லவேளை, புருவம் கருகியதோடு போயிற்று.

அவர் அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "அங்கே வெச்சவன் நான்தானேம்மா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போது வெடித்தூள் வீட்டுப் படியே ஏறுவதில்லை. எனக்குக் கஷாயமும் அவரேதான் வைக்கிறார். முதல் மடக்கை அவர் குடித்துப் பார்த்த பிறகுதான் டம்ளர் என் கைக்கு வருகிறது.