செருப்புக் கணக்கு

சண்முகத்தாய் சின்னம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கம்பத்துக்குப் பஸ் ஏறுவார். பாதி வழியில் இறங்கி, எதிரே வரும் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்த பிறகு சிலிண்டரை மூடுவார். மூடிய கையோடு வாசல் வரை வந்து, மறுபடியும் உள்ளே போவார்.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் விட மாட்டாள். "ஏ சம்முவத்தாயி, கெளம்பும்போதே உன் மூக்கையும் ஒரு தடவ தொட்டுப் பாத்துக்க ஆத்தா. அது இருக்கா இல்லையான்னு பாதி வழியில திரும்பி வந்துராத."

சின்னம்மாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கை மூக்குக்குப் போகும். நானே பார்த்திருக்கிறேன்.

இந்தப் பயம்தான் அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எங்கள் கூடலூருக்குக் கீழே ஆற்றை ஒட்டி ஒரு சிறிய மின்நிலையம் இருக்கிறது. சித்தப்பா இறந்த பிறகு, 1998-ல், சின்னம்மா அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒவ்வொரு கோடையிலும், ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும்போது, மெஷினை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த நாட்களில் அவருக்கு வேறு வேலை. டிராஃப்ட் டியூப்பின் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே யார் போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

டிராஃப்ட் டியூப் என்றால் என்ன என்று எனக்கும் முதலில் தெரியாது. தண்ணீர் மேலே இருந்து வந்து டர்பைனைச் சுழற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சுழற்றிய தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. டர்பைனுக்கு அடியில் ஒரு பெரிய இரும்புக் குழாய் இருக்கிறது. மேலே குறுகலாகத் தொடங்கி, இறங்க இறங்க அகன்று, அடியில் முழங்கை மாதிரி வளைந்து, ஆற்றுத் தண்ணீருக்குள் போய் வாய் திறக்கும். அதுதான் டிராஃப்ட் டியூப். அதை வெறும் வடிகால் என்று நினைத்துவிடக் கூடாது. குழாய் நிறையத் தண்ணீர் இறங்கும்போது, அது தனக்கு மேலே இருக்கும் தண்ணீரையும் சேர்த்துக் கீழே இழுக்கும். அந்த இழுப்பு டர்பைனுக்குக் கூடுதல் பலம். குழாய் இல்லாவிட்டால் அந்தச் சக்தி சும்மா ஆற்றோடு போய்விடும்.

ஆனால் அந்த இழுப்பில் தண்ணீருக்குள் குமிழிகள் உண்டாகின்றன. அவை இரும்பின் மேல் பட்டு வெடிக்கின்றன. வருடம் முழுக்க வெடித்து வெடித்து, தகட்டைக் குழி குழியாகத் தின்றுவிடும். சின்னம்மா கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மை போட்ட மொகம் மாதிரி இருக்குடா" என்பார். அந்தக் குழிகளை வெல்டிங் வைத்து நிரப்பி, தேய்த்து வழவழப்பாக்குவதுதான் கோடை வேலை.

அந்த வேலைக்கு முன்னால் மேல் தண்ணீரை அடைப்பார்கள். ஆற்றுப் பக்கம் குழாயின் வாயில் கனமான இரும்புப் பலகைகளை இறக்கி மூடுவார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்த பிறகு, பக்கவாட்டில் ஒரு ஆள் நுழையும் அளவு இரும்புக் கதவைத் திறந்து, ஏணி வைத்து இறங்குவார்கள். வேலை முடிந்ததும் கதவைப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டு, ஒரு சிறிய வால்வைத் திறந்து ஆற்றுத் தண்ணீரையே உள்ளே விடுவார்கள். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் மட்டம் ஒன்றானால்தான் பலகைகளைத் தூக்க முடியும். ஆக, தண்ணீர் மேலே இருந்து வராது. கீழே இருந்து ஏறும்.

சின்னம்மாவை அந்த ஏற்றம்தான் பயமுறுத்தியது. "மேல இருந்து வந்தா சத்தம் கேக்கும். இது சத்தமில்லாம காலுக்கடியில வரும்" என்பார்.

அவரை அங்கே உட்கார வைத்தவர் ஃபோர்மேன் மாரிசெல்வம். யாரோ அவரிடம், "இந்தம்மா எதுக்கெடுத்தாலும் பயப்படும், இதையா காவல் போடுறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர், "பயப்படாத ஆளுக எல்லாம் உள்ளதான இருக்காக. வெளிய ஒரு ஆளாவது பயப்படட்டும்" என்றாராம்.

சின்னம்மா கணக்கு வைத்தது செருப்புகளை வைத்து. உள்ளே ஈரத் தகட்டில் செருப்பு வழுக்கும். எல்லோரும் கதவுக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்குவார்கள். சின்னம்மா அவற்றை ஜோடி ஜோடியாகச் சுவரோரம் அடுக்குவார். வெளியே வந்தவர் தன் ஜோடியை மாட்டிக்கொண்டு போவார். சுவரோரம் காலியானால் உள்ளே ஆள் இல்லை. எந்தச் செருப்பு யாருடையது, எதில் வார் அறுந்து கம்பி கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

2004-ல் ஒரு தடவை ஒரு ஜோடி மிச்சம் கிடந்தது. கதவை மூடித் தண்ணீரும் விட்டாயிற்று. சின்னம்மா கத்தி, அழுது, வால்வை அடைக்க வைத்தார். உள்ளே விட்ட தண்ணீரை மறுபடி இறைத்துக் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு ஈ கூட இல்லை. சாமான் கொண்டுவந்த லாரி டிரைவர், கம்பத்தில் வாங்கிய புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பழசை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு நாள் மின் உற்பத்தி வீணாய்ப் போயிற்று. அன்றைக்குக் கான்ட்ராக்ட்காரரின் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சின்னம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் எவன் செருப்பைக் கழற்றினாலும், "யக்கா, இது உசுரோட இருக்க ஆளோட செருப்பு, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவான்.

அதிகமாகக் கிண்டல் செய்தவர் கர்ணன். கெங்குவார்பட்டிக்காரர், நல்ல வெல்டர். ஒவ்வொரு கோடைக்கும் வருவார். சின்னம்மாவைச் சொந்த அக்கா மாதிரி உரிமையோடு வம்புக்கு இழுப்பார்.

2007 சித்திரையில் வேலை அவசரமாக நடந்தது. வீரபாண்டித் திருவிழா நெருங்கிவிட்டது. திருவிழாவுக்கு ஆற்றில் தண்ணீர் விடுவதற்குள் மெஷினை ஓட்டத் தயாராக்க வேண்டும். அந்த வருடம் கர்ணன் கையில் காப்புக் கட்டியிருந்தார். அவருடைய மகள் மாசியில் அம்மை கண்டு, மிகவும் கஷ்டப்பட்டுப் பிழைத்தாள். கௌமாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். ஒரு வேளைச் சாப்பாடு, கடையில் டீ கிடையாது, பாயில் படுப்பது கிடையாது. காலில் செருப்பும் கிடையாது.

"ஏலே கர்ணா, வெறும் வயித்தோட அந்தப் புகைக்குள்ள எறங்குறயே, மயக்கம் போட்டு விழுந்துரப் போற" என்றார் சின்னம்மா.

"விழுந்தா நீதான் இருக்கயேக்கா, செருப்ப எண்ணிச் சொல்லீர மாட்ட?"

"போடா எடுபட்ட பயலே. மத்தியானத்துக்கு நீர்மோர் வச்சிருக்கேன், குளிச்சிட்டுக் கரைச்சது. வந்து குடி."

இப்படிப் பேசியபோதும் இருவருக்கும் ஒன்று தோன்றவில்லை. கர்ணன் கதவுப் பக்கம் எந்தச் செருப்பையும் விடவில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேலை முடிந்தது. ஒவ்வொருவராக ஏணியில் ஏறி வந்தார்கள். விளக்குகளையும் கேபிள்களையும், கடைசியாக ஏணியையும் வெளியே இழுத்தார்கள். அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு கை கால் கழுவத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார்கள். மாரிசெல்வம் கதவில் தலையை விட்டு டார்ச் அடித்து, "யாருப்பா உள்ள?" என்று கூப்பிட்டார். நிலையத்தின் கசிவுத் தண்ணீரை இறைக்கும் பம்ப் எப்போதும் ஓடும், அந்தச் சத்தம். டார்ச் வெளிச்சம் வளைவைத் தாண்டிப் போகாது. பதில் இல்லை.

புதிதாக வந்திருந்த இன்ஜினியர் விஜயகுமார் நிதானமான மனிதர். ஃபோர்மேன் பார்த்த பிறகும் சின்னம்மாவிடம் தனியாக வந்து கேட்டார். "எல்லாரும் வெளிய வந்தாச்சாம்மா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

சின்னம்மா சுவரோரம் பார்த்தார். ஒரு செருப்பு இல்லை. சுத்தமாக இருந்தது.

"எல்லாரும் வந்துட்டாக சார்."

அதைச் சொல்லும்போது மனதில் துளிப் பயம் இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். "அத்தனை வருசத்துல அன்னைக்குத்தான்டா எனக்குப் பயமே வரல. கணக்கு அம்புட்டுச் சரியா இருந்துச்சு."

கதவைச் சாத்தி போல்ட்டுகளை முடுக்கினார்கள். வால்வைத் திறக்கக் கீழே போனார்கள். சின்னம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தன் சாமான்கள் இருக்கும் மூலைக்கு வந்தார். அங்கே நீர்மோர்ச் சொம்பு, மேலே தட்டுப் போட்டு மூடியபடி இருந்தது. தட்டைத் தூக்கினார். வைத்தது வைத்தபடி இருந்தது.

"கர்ணன எங்கப்பா?" குழாயடியில் இருந்தவர்களிடம் கேட்டார்.

"அவன் வெரதக்காரன், வெள்ளனவே பஸ்ஸுக்குப் போயிருப்பான்" என்றான் ஒருவன்.

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல. ராஜபாண்டி பாத்திருப்பாரு."

ராஜபாண்டி முகத்தில் சோப்போடு, "நான் எங்க பாத்தேன்? அவன் பங்கு வேலை முடிஞ்சுது, கெளம்பிட்டான்னுல நெனச்சேன்" என்றார்.

ஒருவேளை போயிருக்கலாம். மோரை மறந்திருக்கலாம். அப்போதுதான் சின்னம்மாவுக்குக் காலையில் கர்ணன் நின்ற நிலை ஞாபகம் வந்தது. சிமெண்டுத் தரையில் அந்த வெறுங்கால்கள். சுவரோரம் காலியாக இருந்ததற்கு இனி அர்த்தமே இல்லை.

ஓடினாரா என்று கேட்டேன். உடனே ஓடவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். 2004 ஞாபகம் வந்து காலைப் பிடித்தது. மறுபடியும் தண்ணீரை இறைத்து, மறுபடியும் உள்ளே யாரும் இல்லாமல் இருந்தால்? அந்த ஆள் வீரபாண்டிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால்? விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கீழே வால்வு திறக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகும் பத்து நிமிடம் போல நின்றாராம். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை.

"சார், அடைங்க சார்! நான் தப்பாச் சொல்லிட்டேன்! கர்ணன் உள்ள இருக்காப்ல!"

விஜயகுமார் திரும்பிப் பார்த்தார். "நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். வெளிய வந்ததும் தெரியாது. அவருக்குச் செருப்பு இல்ல சார், வெரதம்!"

சூப்பர்வைசர் ஆரம்பித்தார்: "இந்தம்மா போன தடவையும் இப்படித்தான் சார்..."

விஜயகுமார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "அடைங்க" என்றார்.

வால்வை அடைத்தார்கள். பம்பையும் நிறுத்தினார்கள். தண்ணீர் அலம்பும் சத்தம் மெல்ல அடங்கியது. எல்லோரும் கதவுப் பக்கம் காதைக் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். அப்போது இரும்பின் உள்ளே இருந்து, டங், டங் என்று வந்தது.

போல்ட்டுகளைக் கழற்றுவதற்குள் சின்னம்மா கதவில் இரண்டு கைகளையும் வைத்து, "இருக்கேன்டா, இருக்கேன்டா" என்று கத்திக்கொண்டே இருந்தாராம்.

கர்ணன் தன் வேலையை முதலில் முடித்திருக்கிறார். வெறும் வயிறு, தலை சுற்றியது. வளைவைத் தாண்டி ஆற்றுப் பக்கம் தகடு குளுகுளுவென்று இருக்கும். மற்றவர்கள் முடிப்பதற்குள் சாய்ந்துகொள்ளலாம் என்று போனவர் அப்படியே தூங்கிவிட்டார். கிரைண்டர் சத்தத்துக்காகக் காதில் பஞ்சு. விழித்தபோது கும்மிருட்டு. பாதத்தில் தண்ணீர். தடவித் தடவிக் கதவுக்குக் கீழே வந்திருக்கிறார். ஏணி இல்லை. கதவு எட்டவில்லை. இடுப்பில் இருந்த சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். வெளியே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தபோது தண்ணீர் அவருடைய நெஞ்சுக்கு வந்திருந்தது.

மேலே ஏற்றி உட்கார வைத்தார்கள். பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். சின்னம்மா சொம்பை நீட்டினார். அவர் வாங்கி அவசரமாகக் குடித்ததில் பாதி மோர் தரையில் போயிற்று.

"ஏன்கா," என்றார் கர்ணன் கடைசியில், "செருப்ப எண்ணுனயா?"

யாரும் சிரிக்கவில்லை. சின்னம்மா விசும்பி அழ ஆரம்பித்தார்.

கர்ணன் அந்த வருடம் சட்டி எடுத்தார். நிலையத்தில் பித்தளை வில்லைகள் வந்தன. இறங்குகிற ஒவ்வொருவரும் தன் எண் போட்ட வில்லையை ஆணியில் மாட்ட வேண்டும், வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். சின்னம்மா வேலையை விட்டுவிடப் போவதாக வீட்டில் பலமுறை சொன்னார். "நான்தான்டா வந்துட்டாகன்னு சொன்னேன். என் வாயாலதான் அந்தக் கதவச் சாத்துனாக." ஆனால் விடவில்லை.

நான் பிளஸ் டூ முடித்த 2009 கோடையில், அனுமதி கேட்டு ஒரு நாள் பார்க்கப் போனேன். அன்றைக்கு வேலை முடிந்து எல்லோரும் ஏறி வந்துவிட்டார்கள். வில்லைகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஆணிகள் காலி. மாரிசெல்வம் கதவைச் சாத்தப் போகவில்லை. ஏணியை எடுக்கவும் இல்லை. காத்திருந்தார்.

சின்னம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். பூட்டை இழுத்துப் பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிறவர், பத்து வருடமாக அந்தக் கதவுக்குள் தலையை மட்டும் நீட்டியவர், டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் பின்னோக்கி இறங்கினார். ஒவ்வொரு படியையும் காலால் இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்தார். வளைவைத் தாண்டி, ஆற்றுப் பக்கப் பலகைகள் வரை நடந்து, ஒவ்வொரு மூலையையும் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். அவர் வந்து சொன்னால்தான் கதவை மூடுவது என்று ஆகியிருந்தது.

சுவரோரம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும் இருந்தது, சின்னம்மாவுடையது. அதன் பக்கத்தில் கர்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன்.

"கொஞ்சம் பேசாம இரு தம்பி" என்றார், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அக்கா வந்துரட்டும்."